மங்கலானால் வேகமும் தூரமும் ஏன் மாறித் தெரிகின்றன?

கேள்வி இதுதான்: “பனிமூட்டத்தில் 60-இல் போனாலும் 40-இல் போவதுபோல் இருக்கிறது. முன்னால் போகும் லாரி இருக்கிற இடத்தைவிடத் தள்ளி இருப்பதுபோல் தெரிகிறது. வெளிச்ச வேறுபாடு குறைந்தால் கண் கணக்குத் தவறுமா? வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?”

தவறும். சோதித்தும் பார்க்கலாம். முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணுக்குள் ஸ்பீடோமீட்டரும் இல்லை, அளவு நாடாவும் இல்லை. விழித்திரை மூளைக்கு அனுப்பும் செய்தி மிக எளியது: இந்த இடம் பக்கத்து இடத்தைவிட வெளிச்சமா, இருட்டா, எவ்வளவு? வேகம், தூரம், மேடு பள்ளம் எல்லாமே அந்தச் செய்தியிலிருந்து மூளை போட்டுக்கொள்ளும் கணக்கு. அதனால் வெளிச்ச வேறுபாடு, அதாவது கான்ட்ராஸ்ட், குறையும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. செய்தியின் வலு குறைகிறது. செய்தி வந்துசேரும் நேரமும் தாமதமாகிறது. வலு குறைவதால் வேகம் தப்பாகத் தெரிகிறது. தாமதத்தால் பொருள் இருக்கும் இடம் தப்பாகத் தெரிகிறது; இரண்டு கண்ணும் ஒரே அளவு தாமதிக்காவிட்டால் ஆழமும் தப்பிப்போகிறது. கீழே வருவதில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்து கிளைத்ததுதான்.

கான்ட்ராஸ்ட்டை அளப்பது சுலபம். வெளிச்சமான பகுதியின் அளவிலிருந்து இருட்டான பகுதியின் அளவைக் கழிக்க வேண்டும். வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இதற்கு மைக்கல்சன் கான்ட்ராஸ்ட் என்று பெயர். 0 என்றால் வேறுபாடே இல்லை, 1 என்றால் உச்சம். வெளிச்சம் வேறு, கான்ட்ராஸ்ட் வேறு என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த தாளை அறைக்குள் படித்தாலும் வெயிலில் படித்தாலும் மைக்கும் தாளுக்கும் உள்ள விகிதம் மாறாது. கான்ட்ராஸ்ட் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டின்மேலும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கூடுதலாகக் கொட்டினால் கதை மாறிவிடும். சாலைக்கோட்டின் வெளிச்சம் 20, தார்ச்சாலையின் வெளிச்சம் 5 என்றால் கான்ட்ராஸ்ட் 25-இல் 15, அதாவது 0.6. பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இரண்டோடும் 25 சேர்த்தால் 45-உம் 30-உம் ஆகிறது. வித்தியாசம் அதே 15தான், கூட்டுத்தொகையோ 75. கான்ட்ராஸ்ட் 0.2-க்கு இறங்கிவிட்டது. பனியில் ஹை பீம் போட்டால் முன்பைவிட மோசமாகத் தெரிவது இதனால்தான். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடிமேல் எதிர்வண்டி வெளிச்சம் அடித்தாலும், கண்புரை வந்த லென்ஸ் ஒளியைச் சிதறடித்தாலும் இதே கணக்குதான்.

இனி வேகம். பீட்டர் தாம்சன் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம். திரையில் பக்கம் பக்கமாக இரண்டு கோட்டு வரிசைகள்; இரண்டும் ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஒன்று பளிச்சென்ற கருப்பு வெள்ளை, மற்றது வெளிறிய சாம்பல். வெளிறியது மெதுவாகப் போவதாகவே பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இது எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. கோடுகள் ஓர் இடத்தை விநாடிக்கு சுமார் 8 முறைக்கு மேல் கடக்க ஆரம்பித்தால் விளைவு மறைகிறது, சில நேரம் தலைகீழாகவும் மாறுகிறது. இந்த நிபந்தனையைச் சொல்லாமல் “மங்கினால் மெதுவாகத் தெரியும்” என்று பொதுவிதிபோல் எழுதுவது பாதி உண்மைதான்.

ஏன் இப்படி? 1956-இல் ஹாஸென்ஸ்டைனும் ரைஹார்ட்டும் வண்டுகளின் பார்வையை ஆராய்ந்து ஓர் இயக்கமானி மாதிரியை முன்வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு இடங்களிலிருந்து சமிக்ஞை வருகிறது; ஒன்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தி மற்றொன்றோடு பெருக்குகிறது. பெருக்கல் என்பதால் கான்ட்ராஸ்ட் பாதியானால் விடை கால்வாசி ஆகிவிடும். அந்த விடையை மட்டும் வைத்து, வேகம் குறைந்ததா கான்ட்ராஸ்ட் குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது. மூளை பல மானிகளை ஒப்பிட்டு இதைச் சரிசெய்யப் பார்க்கிறது, முழுதாக முடிவதில்லை. 2002-இல் வைஸ், சிமான்செல்லி, ஆடெல்சன் மூவரும் வேறொரு விளக்கம் தந்தார்கள்: உலகில் பெரும்பாலான பொருட்கள் நிற்கின்றன அல்லது மெல்ல நகர்கின்றன; செய்தி தெளிவில்லாதபோது மூளை அந்த எதிர்பார்ப்பின் பக்கம் சாய்கிறது. அழகான விளக்கம், பல மாயத்தோற்றங்களை ஒரே பிடியில் விளக்குகிறது. ஆனால் அதிவேகத்தில் விளைவு தலைகீழாவதை அது மட்டுமே விளக்கிவிடாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

இதை நேரில் காட்டுவதற்கு ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் 2001-இல் வெளியிட்ட ‘காலடி’ மாயத்தோற்றத்தைவிடச் சிறந்தது இல்லை. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் அரைமணி நேர வேலை. திரை முழுக்க 20 பிக்சல் அகலத்தில் கருப்பு, வெள்ளை செங்குத்துப் பட்டைகள். அதன்மேல் இரண்டு செவ்வகங்கள், ஒவ்வொன்றும் 80 பிக்சல் நீளம், 30 பிக்சல் உயரம். மேலே உள்ளது கருநீலம் (ஆர்ஜிபி 0, 0, 128), கீழே உள்ளது மஞ்சள் (255, 255, 0). இரண்டுக்கும் நடுவே நூறு பிக்சல் இடைவெளி. இரண்டும் ஒரே கோட்டில் தொடங்கி, ஒரு பிரேமுக்கு 1 பிக்சல் வீதம் சீராக நகர வேண்டும். இடைவெளியின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பாருங்கள். இரண்டு செவ்வகமும் இடது கால், வலது கால் என்று மாறி மாறி அடியெடுத்து வைப்பதுபோல் தெரியும். பட்டைகளை நீக்கிச் சாம்பல் பின்னணி வைத்தால் அந்த நொடியே இரண்டும் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போகும்.

எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். திரையின் வெள்ளை சதுர மீட்டருக்கு 200 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) என்றும், அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவது 5 கேண்டெலா என்றும் வைத்துக்கொள்வோம். கருநீலத்தின் முன்விளிம்பு வெள்ளைப் பட்டையில் இருக்கும்போது கான்ட்ராஸ்ட் சுமார் 0.92, கருப்புப் பட்டைக்குள் நுழைந்ததும் சுமார் 0.24. மஞ்சளுக்கு நேர்மாறு: கருப்பில் 0.95, வெள்ளையில் 0.04. ஆக, ஒன்று ஓடும் நேரத்தில் மற்றொன்று தயங்குகிறது. செவ்வகத்தின் நீளம் நான்கு பட்டை என்பதால் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே நிறப் பட்டையைத் தொடுகின்றன. நீளத்தை 60 பிக்சலாக்கி மூன்று பட்டை ஆக்கிப் பாருங்கள். முன்விளிம்பு வெள்ளையில் இருக்கும்போது பின்விளிம்பு கருப்பில் இருக்கும். செவ்வகம் புழுபோல் நீண்டு சுருங்கி நகரும்.

இதில் தவறிப்போகும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில், முழு இருட்டு அறையில் பார்த்தால் கருப்பு உண்மையாகவே பூஜ்யமாகிவிடும். அப்போது கருநீலம்கூடக் கருப்பின்மேல் நன்றாகத் தெரியும், விளைவு குறையும். அறை விளக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள். விஏ என்ற வகை எல்சிடி பேனல்களில் இருண்ட நிறங்கள் மாறுவதற்கு நேரம் பிடிக்கும், விளிம்பு இழுவிக்கொண்டு வரும். அங்கே கண்ணின் தாமதத்தையும் திரையின் தாமதத்தையும் பிரிக்க முடியாது. ஐபிஎஸ் என்ற மற்றொரு வகைப் பேனல் இருந்தால் அதையே எடுங்கள். நேராக ஒரு செவ்வகத்தையே உற்றுப் பார்த்தாலும் விளைவு குறைந்துவிடும். பார்வையின் ஓரத்தில்தான் இது ஓங்கித் தெரியும்.

அடுத்தது தாமதம். என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பிலேயே மிக அழகான பகுதி இதுதான்.

மங்கலான பொருளின் செய்தி விழித்திரையிலிருந்து தாமதமாகக் கிளம்புகிறது. பளிச்சென்ற புள்ளியும் மங்கல் புள்ளியும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்தால், மங்கல் புள்ளி சற்றுப் பின்தங்கித் தெரியும். கார்ல் ஹெஸ் 1904-இல் விவரித்தது இது. ஜெர்மனியின் யேனா நகரில் ஒளியியல் கருவிகள் செய்யும் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் புல்ஃப்ரிச் 1922-இல் இதன் இரட்டைக் கண் வடிவத்தை வெளியிட்டார். ஒரு கண் தாமதித்து மறு கண் தாமதிக்காவிட்டால், பின்தங்கல் ஆழமாக மாறிவிடுகிறது. புல்ஃப்ரிச் ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். தன் பெயரில் வழங்கும் இந்தக் காட்சியை அவரால் பார்க்க முடிந்ததில்லை. தாமதம்தான் காரணம் என்ற விளக்கம் தன்னுடன் பணியாற்றிய ஃபெர்ட்ஷ் தந்தது என்பதையும் அவர் மறைக்காமல் பதிவு செய்தார்.

செய்முறை இது. 1 மீட்டர் நூலில் ஒரு பூட்டையோ எலுமிச்சம்பழத்தையோ கட்டித் தொங்கவிடுங்கள். பின்னால் வெறும் சுவர், குறைந்தது 1 மீட்டர் தள்ளி. நீங்கள் 2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, உங்கள் முன்னால் இடமிருந்து வலமாக, நடுவிலிருந்து பக்கத்துக்கு 20 செ.மீ. வீதம் ஆடும்படி ஆட்டிவிடச் சொல்லுங்கள். கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை மட்டும் இடது கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்க வேண்டும். ஊசலின் நடுப்புள்ளிக்குக் கீழே அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருங்கள். சில விநாடிகளில் ஊசல் நேர்கோட்டை விட்டு வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும்: வலப்பக்கம் போகும்போது உங்களை விட்டு விலகியும், இடப்பக்கம் வரும்போது உங்களை நெருங்கியும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை. கண்ணாடியை வலது கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் திசையும் மாறும்.

கணக்கு போட்டால் வியப்பு இன்னும் கூடும். 1 மீட்டர் ஊசலுக்கு ஒரு முழு ஆட்டம் 2 விநாடி. நடுப்புள்ளியில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 63 செ.மீ. பத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் கண்ணாடி அந்தக் கண்ணை ஏறத்தாழ 10 மில்லி விநாடி தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் ஊசல் நகர்வது 6 மி.மீ. சொச்சம். ஆக, இரண்டு கண்ணும் ஊசலை 6 மி.மீ. தள்ளித் தள்ளி வெவ்வேறு இடத்தில் காண்கின்றன. கண்களுக்கு நடுவே 63 மி.மீ. இடைவெளி, பார்க்கும் தூரம் 2 மீட்டர் என்று வைத்தால், இந்த 6 மி.மீ. பின்பக்கம் சுமார் 22 செ.மீ. ஆகவும் முன்பக்கம் சுமார் 18 செ.மீ. ஆகவும் விரிகிறது. பக்கவாட்டு வீச்சு மொத்தம் 40 செ.மீ.; முன் பின் வீச்சும் மொத்தம் 40 செ.மீ. நேர்கோட்டில் ஆடும் பூட்டு ஏறக்குறைய முழு வட்டமே போடுகிறது, விநாடியில் நூறில் ஒரு பங்குத் தாமதத்துக்காக!

தெரியவில்லையென்றால் சிலவற்றைச் சரிபாருங்கள். கண்ணாடி போதிய கருப்பாக இருக்க வேண்டும். லேசான நிறக்கண்ணாடி போதாது. அறை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் அதே கண்ணாடிக்கு வட்டம் பெரிதாகும், ஏனென்றால் மங்கிய ஒளியில் தாமதம் இன்னும் ஏறும். ஊசல் உண்மையிலேயே நீள்வட்டமாக ஆடிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதைத் தடுக்க, நூலை ‘வி’ வடிவில் இரண்டு ஆணிகளில் கட்டுங்கள். ஆணிகள் உங்களுக்குப் பக்கவாட்டில் இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக உங்கள் பார்வைத் திசையிலேயே இருக்க வேண்டும். அப்போது ஊசலால் பக்கவாட்டில் மட்டுமே ஆட முடியும். சிறு வயதிலிருந்து மாறுகண் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணின் பார்வை வளராமல் போனவர்களுக்கும் இரட்டைக் கண் ஆழம் இல்லாததால் பெரும்பாலும் இந்த வட்டம் தெரியாது. அவர்கள் தவறாக ஒன்றும் செய்யவில்லை.

இது விளையாட்டோடு முடிவதில்லை. ஒரு கண்ணின் பார்வை நரம்பில் அழற்சி வந்தவர்களுக்கு அந்த நரம்பு செய்தியைத் தாமதமாகக் கடத்தும். கண்ணாடி எதுவும் பிடிக்காமலேயே குறுக்கே போகும் பொருட்கள் வளைந்து தெரியும். ஒரு கண்ணில் மட்டும் புரை முற்றியவர்களிடமும் இது காணப்பட்டிருக்கிறது. நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்பவருக்கு முதல் ஆபத்து வலமிருந்து இடமாகக் கடக்கும் வண்டி. தாமதிப்பது வலது கண் என்றால் இடப்பக்கமாக நகரும் பொருள் உண்மையைவிடத் தள்ளித் தெரியும். தேநீர் ஊற்றும்போது கோப்பையைத் தவறவிடுவது, எறிந்த பந்தைப் பிடிக்க முடியாமல் போவது, கூட்டத்தில் எதிரே வருபவர்மீது மோதுவது ஆகியவற்றையும் இவர்கள் சொல்வதுண்டு. பார்வை அட்டை 6/6 என்று காட்டினாலும் இப்படி இருக்கலாம். அதனால் கண் மருத்துவரிடம் “எழுத்து தெரிகிறது, ஆனால் நகர்வது தப்பாகத் தெரிகிறது” என்று குறிப்பிட்டே சொல்ல வேண்டும். நல்ல கண்ணுக்கு அளவாக நிறம் ஏற்றிய கண்ணாடி கொடுத்து இரண்டு கண்ணின் நேரத்தையும் சமன் செய்வது மருத்துவர்கள் கையாளும் ஒரு வழி. நீங்களே கடையில் வாங்கி மாட்டிக்கொள்வது வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெள்ளெழுத்துக்காக ஒரு கண்ணுக்குத் தூரப் பார்வையும் மறு கண்ணுக்குக் கிட்டப் பார்வையும் வைத்து காண்டாக்ட் லென்ஸ் கொடுப்பார்கள். கலங்கித் தெரியும் கண்தான் தாமதிக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கலங்கிய கண் சில மில்லி விநாடி முந்துவதே தெரிந்தது. கலங்கல் நுண்ணிய விவரங்களை அழித்துவிடுகிறது. மூளை அந்த நுண்விவரங்களைத்தான் மெதுவாகக் கையாளும். எஞ்சிய பெரும்படி விவரங்கள் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மங்கலும் கலங்கலும் பேச்சில் ஒன்றுபோல் இருந்தாலும் கண்ணுக்குள் எதிரெதிர்.

நிலையான இரட்டைக் கண் ஆழத்துக்கும் இரண்டு கண்ணின் ஒப்புமை முக்கியம். இரண்டு கண்ணிலும் கான்ட்ராஸ்ட் ஒன்றாகக் குறைந்தால் ஆழத்தை அறியும் கூர்மை குறைகிறது. ஒரு கண்ணில் மட்டும் குறைந்தால் அதைவிட மோசமாகிறது. ஒரு கண் நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது புரை அறுவையைத் தள்ளிப்போடுபவர்கள், ஊசியில் நூல் கோக்கவும் படியிறங்கவும் ஏன் சிரமப்படுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நீங்கள் கேட்ட பனிமூட்டம். வேகம் குறைவாகத் தெரிகிறது என்ற உங்கள் கவனிப்புக்கு ஆய்வில் ஆதாரம் உண்டு, ஆனால் அது நேர்கோட்டில் வருவதில்லை. 1998-இல் ஸ்னோடன், ஸ்டிம்ப்ஸன், ரடில் மூவரும் ஓட்டுநர் சிமுலேட்டரில் காட்சியை மங்கலாக்கினார்கள். குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டச் சொன்னபோது மங்கலில் ஓட்டியவர்கள் வேகமாக ஓட்டினார்கள். பனியில் விபத்து ஏன் என்ற கேள்விக்கு இதுவே விடை என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் ப்ரெட்டோவும் அவருடன் சேர்ந்தவர்களும் அதில் இருந்த ஓட்டையைக் காட்டினார்கள். உண்மையான பனி எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கலாக்குவதில்லை; தூரம் கூடக் கூட மங்கலும் கூடும். அப்படிப்பட்ட பனியைச் சிமுலேட்டரில் வைத்ததும் விளைவு தலைகீழானது: வேகம் அதிகமாகத் தெரிந்தது, ஓட்டியவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். கிட்டத்தில் இருக்கும் சாலைதான் கண்ணில் விரைந்து பாய்கிறது. அது தெளிவாக இருக்க, மெல்ல நகரும் தூரக்காட்சி மறைந்துவிட்டால், மிஞ்சுவது வேகமான பகுதி மட்டுமே.

அப்படியானால் காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்குவது எது? ஆவி படிந்த முன்கண்ணாடி, அழுக்கு அப்பிய ஹெல்மெட் கண்ணாடி, தேய்ந்த வைப்பர் இழுத்த நீர்த்தடம். பனியில் 60 என்பது 40 போல் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் கண்ணாடியை. ஏசி காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி உள்ளே படிந்த ஆவியை நீக்குங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றிவிடுங்கள். வேகத்தை ஸ்பீடோமீட்டரில் மட்டுமே நம்புங்கள்.

தூரம் அதிகமாகத் தெரிவதற்கும் கணக்கு இருக்கிறது. 1924-இல் கோஷ்மீடர் கொடுத்த விதிப்படி, பனியில் ஒவ்வொரு மீட்டருக்கும் கான்ட்ராஸ்ட் ஒரே விகிதத்தில் தேய்கிறது. பார்வைத் தொலைவு 100 மீட்டர் என்று வானிலையாளர் சொன்னால், 100 மீட்டரில் 5 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று பொருள். அதே பனியில் 20 மீட்டரில் மிஞ்சுவது 55 சதவீதம், 50 மீட்டரில் 22 சதவீதம். தெளிந்த நாளில் கான்ட்ராஸ்ட் இவ்வளவு தேய வேண்டுமென்றால் பொருள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்க வேண்டும். மூளை அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவருகிறது. 50 மீட்டரில் உள்ள லாரியைத் தள்ளி வைத்துவிடுகிறது. லாரியின் உருவம் கரைந்து இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரியும்போது தவறு இன்னும் கூடுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் என்பது 3 விநாடி. அதனால் பனியில் முன்வண்டியின் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு மரத்தையோ கம்பத்தையோ அது கடக்கும் நொடியிலிருந்து நீங்கள் கடக்கும் வரை விநாடிகளை எண்ணுங்கள். நான்குக்குக் கீழே இருந்தால் நெருங்கிவிட்டீர்கள். லோ பீம் போதும். நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வைத்திருப்பதும் எதிரே வருபவருக்கு அந்தக் கான்ட்ராஸ்ட்டைத் தருவதற்குத்தான்.

இதே பழக்கம் மலையில் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். மழை விட்டுக் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும் காலையில் மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். கோடைப் புழுதியில் அதே மலை எட்டப் போய்விடும். காற்றே இல்லாத நிலவில் தூரப் பாறையும் கிட்டப் பாறையும் ஒரே கூர்மையில் தெரியும். 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இல் போன ஷெப்பர்டும் மிட்செலும் கோன் என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி ஏறினார்கள். சில பத்து மீட்டர் தூரத்துக்குள் போயும் அதைக் கண்டுகொள்ளாமல் திரும்பினார்கள். ஏற்ற இறக்கமான தரையும் ஒரு காரணம். ஆனால் தூரத்தைச் சொல்லும் மங்கல் அங்கே இல்லை என்பதும் அவர்களைத் திணறடித்தது.

கிரிக்கெட்டில் இதையெல்லாம் அனுபவத்தாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பந்து வீச்சாளருக்குப் பின்னால், எல்லைக்கு அருகே நிறுத்தும் பெரிய திரைதான் சைட் ஸ்கிரீன்: சிவப்புப் பந்துக்கு வெள்ளை, வெள்ளைப் பந்துக்குக் கருப்பு. மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து 10 மில்லி விநாடியில் 39 செ.மீ. வந்துவிடும், பந்து வீச்சாளரின் கைக்குப் பின்னால் யாராவது நடந்தால் மட்டையாளர் ஒதுங்கிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அந்தி சாயும்போது சிவப்புப் பந்து பிரச்சினை ஆவது வேறு காரணத்தால். வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் உணர்திறன் நீலப் பச்சைப் பக்கம் நகர்கிறது, சிவப்பு கருத்துப்போகிறது. புர்கின்யே விளைவு என்பது இதுதான். விளக்கொளியில் சிவப்புப் பந்து சரிவராததால்தான் 2015 நவம்பரில் அடிலெய்டில் நடந்த முதல் பகலிரவு டெஸ்ட்டில் இளஞ்சிவப்புப் பந்தைக் கொண்டுவந்தார்கள்.

நிறத்தைத் தொட்டுவிட்டதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நிற வேறுபாடு இருந்தால் போதும், கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். இயக்கத்துக்கும் ஆழத்துக்கும் அது பெரிய அளவில் போதாது. சிவப்பும் பச்சையும் ஒரே வெளிச்ச அளவில் இருந்தால் எல்லை நன்றாகத் தெரியும், ஆனால் அதன் இயக்கம் தளர்ந்துவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், ரிச்சர்ட் கிரிகரியுடன் சேர்ந்து 1978-இல் இதைக் காட்டினார்: புள்ளிக்கூட்டத்தின் ஒரு பகுதி மாறி மாறி இடம்பெயரும் காட்சியில், வெளிச்ச வேறுபாட்டை நீக்கிச் சிவப்பு பச்சை வேறுபாட்டை மட்டும் விட்டதும் இயக்க உணர்வே போய்விட்டது. 1984-இல் கவனா, டைலர், ஃபாவ்ரோ மூவரும் சம வெளிச்ச நிறக்கோடுகள் நகரும்போது வேகம் வெகுவாகக் குறைந்து தெரிவதை அளந்தார்கள். 1988-இல் ராமச்சந்திரன் எழுதிய இன்னொரு கட்டுரை, வெறும் நிழலேற்றத்தால் மேடு பள்ளம் தெரிவதைப் பற்றியது. மேலே வெளிச்சமும் கீழே இருளுமாக ஒரு வட்டத்தை வரைந்தால் குமிழ், தலைகீழாக்கினால் குழி. வெளிச்சம் மேலிருந்து வரும் என்பது மூளையின் நிலையான எண்ணம்.

இதை வீட்டில் பயன்படுத்த ஒரே ஒரு கருவி போதும், உங்கள் போன். மாடிப்படியைப் படம் எடுத்து, திருத்தும் இடத்தில் கருப்பு வெள்ளை ஆக்குங்கள். படியின் விளிம்பு அந்தப் படத்தில் மறைந்துவிட்டால், நிறம் எதுவாக இருந்தாலும், வயதானவர் காலுக்கும் அது மறைந்துவிடும். சிவப்புப் படியில் பச்சைப் பட்டை என்பது இப்படித்தான் ஏமாற்றும். விளிம்பில் 5 செ.மீ. அகலத்தில் வெளிச்ச வேறுபாடு உள்ள பட்டை ஒட்டுங்கள்: கருங்கல் கிரானைட் படிக்கு வெளிர் மஞ்சளோ வெள்ளையோ, வெளிறிய டைல்ஸுக்குக் கரும்பழுப்பு. பட்டை விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு மூன்று செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால், இறங்குபவரின் கண் அந்தப் பட்டையின் ஓரத்தையே படியின் ஓரமாக எடுத்துக்கொள்ளும், கால் அதற்கேற்ப விழும். விளிம்புக்கு இணையாகக் கோடு போட்ட டைல்ஸை மாடிப்படிக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஒவ்வொரு கோடும் ஒரு பொய்ப் படி. பகலில் எடுத்த படத்தோடு நிறுத்தாமல், விளக்கு போடுவதற்கு முந்தைய அந்தி நேரத்திலும் ஒருமுறை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். போன் கேமரா இருட்டைத் தானாகவே வெளுத்துக் காட்டும், சிவப்பு கருத்துப்போவதையும் அது காட்டாது.